யாராவது இரண்டு பேர்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் போனால், மஞ்சள் கல் நட்ட புது மனைகளுக்கு நடுவில் ஓர் எண்ணெய் ஆலை இருக்கிறது. அரசாங்கத்துடையது. மாநில எண்ணெய்வித்து நிறுவனத்தின் ஏழாவது ஆலை. கீழ்பென்னாத்தூர் பக்கத்து நிலக்கடலையை, ஊர்ப் பேச்சில் மணிலா அல்லது மல்லாட்டையை, வாங்கி, ஆட்டி, அரை லிட்டர், ஒரு லிட்டர் பாக்கெட்டுகளில் அடைத்து விற்பது அங்கே நடக்கும் வேலை. நிரந்தர ஊழியர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருத்தி கணக்கு உதவியாளர் மதிவதனி. வயது நாற்பத்தொன்று. அதே நாற்காலியில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

அரசு நிறுவனத்து ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள், வேலை செய்வதில்லை என்று சென்னைத் தலைமை அலுவலகத்தில் யாருக்கோ திடீரென்று ஞானோதயம் வந்தது. அதுவரை தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே போனஸ்தான். உழைத்தவனுக்கும் அதே பணம், உட்கார்ந்திருந்தவனுக்கும் அதே பணம் என்றால் எவன் முதுகை வளைப்பான் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் பதினான்கு பக்கச் சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. அதற்குச் செயல்திறன் ஊக்கத்தொகைத் திட்டம் என்று பெயர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆலையிலும் ஊழியர்களைத் தரம் பிரிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் உள்ள ஆலையில் இரண்டு பேர் ஏ. அவர்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். எட்டுப் பேர் பி. ஆளுக்கு நாலாயிரம். இரண்டு பேர் சி. அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. எல்லோருமே ஒழுங்காக வேலை செய்தால் என்ன செய்வது என்று சென்னைக் கூட்டத்தில் ஒரு மேனேஜர் எழுந்து கேட்டாராம். அப்போதும் யாராவது இரண்டு பேர் சி-யில் இருந்தே ஆக வேண்டும் என்று பதில் வந்ததாம். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

ஏழாவது ஆலை மேனேஜர் இளஞ்செழியன் நல்ல மனிதர். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்துவிடுகிற வகை நல்ல மனிதர். முதல் தடவை படிவத்தை அவர் மனசாட்சிப்படிதான் நிரப்பினார். எண்ணெய் பிழியும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ராமதாஸுக்கும், வாசல் கவுண்டரில் விற்பனை செய்பவருக்கும் ஏ. பாக்கிங்கில் இருக்கும் பச்சையம்மாளுக்கும், வாட்ச்மேன் வல்லரசுக்கும் சி.

பச்சையம்மாளுக்கு வயது ஐம்பத்துநான்கு. மணிக்கு எத்தனை பாக்கெட் அடைத்தார் என்று படிவம் கேட்டது. மற்றவர்களைவிட நாற்பது கம்மி. ஏனென்றால், ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு கையாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவர் பெட்டியில் வைப்பார். ஒழுகுவதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஒழுகாத பாக்கெட்டுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வாட்ச்மேன் கதை இன்னும் மோசம். வருடம் முழுக்கத் திருட்டு எதுவும் நடக்காததால், வல்லரசு என்ன சாதித்தார் என்று எழுத மேனேஜருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த மூன்று மாதம் ஆலை நாறிப்போனது. யாரும் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. முன்பெல்லாம் பாக்கெட்டில் விழும் எண்ணெய் கொஞ்சம் கலங்கினாலும் பச்சையம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். ராமதாஸ் ஓடிப்போய் வடிகட்டித் துணியை மாற்றுவார். இப்போது பச்சையம்மாள் குரல் கொடுக்கவில்லை. கலங்கிய எண்ணெய் கலங்கியபடியே கடைகளுக்குப் போய், பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மேனேஜர் கேட்டார்.

"அதப் பாக்கறதுக்குதான் ஏ வாங்குனவரு இருக்காரே சார்," என்றார் பச்சையம்மாள். குரலில் கோபம்கூட இல்லை.

ஐப்பசி மழை ஒருநாள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. களத்தில் பதினெட்டு மூட்டை மணிலா கிடந்தது. முந்தைய வருடங்களில் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர் வல்லரசுதான். அந்தத் தடவை அவர் தன் கூண்டுக்குள் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மேனேஜர் கத்தியபோது, "மல்லாட்டைய மூடுனா எழுதறதுக்கு ஃபாரத்துல எடம் இருக்குதுங்களா சார்?" என்று பணிவாகக் கேட்டார். ராமதாஸ் பாடும் சுகமாக இல்லை. பதினோரு மணிக்கு ஒரே தூக்குவாளியில் டீ வாங்கி எல்லோரும் சேர்ந்து குடிக்கும் வழக்கம் நின்றுபோய், ஏ வாங்கிய மனிதர் ரோட்டைத் தாண்டிப் போய்த் தனியாகக் குடித்துவிட்டு வந்தார். பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இவ்வளவு துக்கமாக இருந்த ஆளை மதிவதனி அதற்குமுன் பார்த்ததில்லை.

அவளுக்குச் சீட்டு நடத்திய அனுபவம் உண்டு. தெருவில் பதினைந்து பெண்களை வைத்து ஆறு வருடம் ஒரு பைசா பிசகாமல் நடத்தியவள். இரண்டாம் காலாண்டுப் படிவம் வந்ததும் மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், யாராவது ரெண்டு பேருன்னுதான போட்டிருக்காங்க? எந்த ரெண்டு பேருன்னு அவங்க கேக்கலையே."

"நீங்க என்ன சொல்ல வரீங்க மேடம்?"

"குலுக்கிப் போட்டுடலாம் சார். ஏ-வும் குலுக்கல், சி-யும் குலுக்கல். வர்ற பணத்த மொத்தமா ஒண்ணா போட்டு பன்னெண்டா பிரிச்சுக்கலாம். ஆளுக்கு நாலாயிரத்து அறுநூறு ரூபா சொச்சம் வரும். மார்க் போடறத நான் பாத்துக்கறேன்."

இளஞ்செழியனுக்கு வேர்த்தது. இரண்டு நாள் யோசித்தார். திரும்பி வந்த எண்ணெய்ப் பெட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

காலி டின் ஒன்றில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். பச்சையம்மாளும் வல்லரசும் ஏற்கெனவே சி வாங்கிவிட்டதால் அந்தக் குலுக்கலில் அவர்கள் பெயரைப் போடவில்லை. மீதிப் பத்துப் பேரும் ஐந்து காலாண்டில் ஆளுக்கு ஒருமுறை சி வாங்கித் தீர்த்துவிடுவார்கள் என்று கணக்கு. எந்தப் பெயருக்கு என்ன தரம் விழுகிறதோ அதற்கு ஏற்ற மதிப்பெண்ணையும் காரணத்தையும் மதிவதனி எழுதினாள். பி-க்குத் தகுந்த வேலையை சி-க்குத் தகுந்ததாக எழுதுவதில் அவள் கை தேர்ந்தவளாகிவிட்டாள். டீத்தூக்கு மறுபடி வந்தது. பச்சையம்மாளின் குரலும் வந்தது. புண்ணாக்கில் தங்கிப்போகும் எண்ணெயின் அளவு குறைந்தது, கடைகளிலிருந்து ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. பதினோரு ஆலைகளில் ஒன்பதாவது இடத்தில் கிடந்த வேங்கிக்கால் ஆலை நாலே மாதத்தில் முதலிடத்துக்கு வந்தது.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு சி விழுந்த இரண்டு பெயரில் ஒன்று பாய்லர்காரருடையது, மற்றது மதிவதனியுடையது. அவளும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். அந்தப் படிவம் சென்னைக்குப் போவதற்குள், அதே வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ஆலையில் கண்காணிப்பாளர் பதவியை நிரப்பப் போகிறார்கள். பணிமூப்பில் முதல் ஆள் மதிவதனி. கடந்த ஒரு வருடத்தில் சி வாங்கியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

சம்பளம் ஏறுவது ஒருபக்கம் இருக்கட்டும். அவளுக்கு வேண்டியது ஒரு வீடு. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில், பத்து வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஏசி வைத்து, பாத்ரூம் கட்டி, வெளியூர் ஆட்களுக்கு விடப் போகிறாராம். அந்தப் பக்கத்தில் ஒரு அறைக்கு அவர்கள் கொடுக்கும் வாடகையில் மதிவதனியின் குடும்பம் இரண்டு மாதம் சாப்பிடலாம். கண்காணிப்பாளர் ஆனால், ஆலைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். வேப்பமரம் உண்டு, போர் தண்ணீர் உண்டு, மகள் படிக்கத் தனி அறை உண்டு.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிரில் இருந்த பச்சையம்மாள் மோர் மிளகாயைக் கடித்தபடியே சொன்னார்.

"எம்பேர எழுதிக்கோ மதி."

"வேணாங்க்கா. நீங்கதான் ஏற்கெனவே ஒருதரம் வாங்கிட்டீங்களே."

"அதனால இன்னா? எனக்கு இன்னா புரமோஷனா குடுக்கப் போறாங்க? இன்னும் நாலு வருசம், ரிட்டேர்டு. துட்டு எப்படியும் பங்கு வந்துடுது. எழுது, எழுது. நீ மேல போனா நமக்குத்தான் நல்லது."

மற்றப் பத்துப் பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மதிவதனி பச்சையம்மாளின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு போய் எழுதினாள். அன்று சாயங்காலமே குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திரைத்துணிக்காக அளந்துவிட்டும் வந்தாள்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து இனியன் என்ற இளம் அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை, கெட்டிக்காரர், பெரிய படிப்பு. ஒன்பதாவது இடத்திலிருந்த ஆலை எப்படி முதலிடத்துக்கு வந்தது என்று ஆராய்ந்து எழுத வந்திருந்தார். ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மதிவதனி பக்கத்து மேசையில் கோப்பு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ வாங்கணுங்கற வெறிதானே உங்கள மாத்துச்சு?" என்று ராமதாஸைக் கேட்டார்.

"ஆமாங்க சார். வெறிதான்," என்றார் ராமதாஸ். அவர் சொன்னவிதம் செத்த வீட்டில் பேசுவது மாதிரி இருந்தது.

இனியன் அதையும் குறித்துக்கொண்டார். போட்டிதான் மனிதனை உழைக்க வைக்கிறது என்பதற்கு இந்த ஆலையே சாட்சி என்று மேனேஜரிடம் மனதாரச் சொன்னார். மடிக்கணினியில் ஏறுமுகமாக ஒரு கோட்டைக் காட்டினார். மேனேஜர் அந்தக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு பேருக்கும் மெமோ வரும், தன் வேலையே போகும் என்று அவருக்குத் தெரியும்.

நாலு மணிக்கு இனியன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். திட்டத்தில் புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் இரண்டு சி வாங்கியவர்களை மறுபயிற்சிக்காக வேறு ஆலைக்கு மாற்ற வேண்டும். இந்த ஆலையில் அப்படி ஒரே ஒருவர்தான். பச்சையம்மாள், பாக்கிங் பிரிவு. சிவகங்கைப் பக்கத்து ஆலைக்கு, அடுத்த மாதம் முதல் தேதி.

"சார், அவங்க ரொம்ப நல்ல ஒர்க்கர்," என்றார் மேனேஜர்.

"இருக்கலாம் சார். ஆனா ரெண்டு தடவையும் நீங்கதானே சி போட்டிருக்கீங்க?" இனியன் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "தப்பா போட்டுட்டோம்னு நெனச்சா, போன காலாண்டோட தரத்தத் திருத்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. ஒரு ஃபார்ம் அனுப்புனா போதும். ஆனா அந்த இடத்துக்கு வேற ஒருத்தர் பேர் வரணும்."

"யாரு பேரு?"

"அது உங்க இஷ்டம் சார். யாராவது ரெண்டு பேர் இருக்கணும், அவ்வளவுதான்."

பச்சையம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் உறையை வாங்கி, பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி போய்ப் பாக்கெட்டை அழுத்த ஆரம்பித்தார். கீழ்பென்னாத்தூரில் அவருக்கு ஒரு கூரை வீடு, இரண்டு கறவை மாடு, சர்க்கரையில் பார்வை போன புருஷன். அவருக்குச் சோறு போட்டுவிட்டு, மாட்டைக் கறந்துவிட்டு, பஸ் ஏறி, ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து எட்டரைக்கு வந்து நிற்கும் பெண் சிவகங்கைக்கு எப்படிப் போவார்? வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அது இனியனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த சி யாருடையது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஆலையில் யாரும் மதிவதனியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. யாரும் அவளைக் குறை சொல்லவும் இல்லை. டீத்தூக்கு வந்தது, அவளுக்கும் ஒரு டம்ளர் வந்தது. பதவித் தேர்வு அடுத்த புதன்கிழமை. அதற்குள் ஏதாவது நடந்துவிடும் என்று அவள் நினைத்தாள். மேனேஜர் சென்னைக்குப் பேசுவார், விதியைத் தள்ளிவைப்பார்கள், வேறு யாராவது முன்வருவார்கள். மேனேஜர் பேசவில்லை. "யாராச்சும் முன்வந்தா மாத்திடலாம் மேடம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

புதன்கிழமை காலை அவள் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். வல்லரசுக்கு ஏற்கெனவே ஒரு சி. அவர் வாங்கினால் அவரும் சிவகங்கைக்குப் போக வேண்டியதுதான். பாய்லர்காரருக்குப் போன காலாண்டு சி ஆகிவிட்டது. ராமதாஸுக்கு இன்னும் முறை வரவில்லை. அடுத்ததோ, அதற்கு அடுத்ததோ எப்படியும் வரத்தான் போகிறது. அதை முன்னாலேயே வாங்கிக்கொண்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் அவள் பதினோரு வருடம் வேலை பார்த்திருக்கிறாள்.

இயந்திரக் கூடத்தில் ராமதாஸ் வடிகட்டித் துணியை உதறிக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"ராமதாஸ்ணா, உங்க முறை எப்படியும் வரும் இல்ல? அத இப்பவே வாங்கிக்கிட்டீங்கன்னா பச்சயம்மாக்கா தப்பிச்சுடுவாங்க. உங்களுக்கு ஒண்ணும் கம்மியாயிடாது. பங்கு வந்துடும்."

ராமதாஸ் துணியை உதறி முடித்து மடித்து வைத்தார்.

"எம்முறை வந்தா நான் வாங்கிக்கறேம்மா. இது எம்முறை இல்ல."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் மதிவதனி பதில் பேசியிருப்பாள். அவர் அவளுக்காக வெட்கப்பட்டார். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு மார்ச் மாதக் கணக்கை எடுத்து, ஏற்கெனவே கூட்டியதையே மறுபடி கூட்டினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் புருஷன் அருண்பிரசாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், நியாயஸ்தன், அவள் மேல் பிரியமுள்ளவன்.

"நீயா கேட்ட? அவங்களாதானே குடுத்தாங்க?" என்றான்.

"ஆமா."

"அப்புறம் என்ன? புது ரூல் வரும்னு உனக்கு ஜோசியமா தெரியும்? நீ ஒரு தப்பும் பண்ணல மதி."

அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரிதான். அவளே நாலு நாளாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள்தான் அவை. இன்னொருவர் வாயால் கேட்கும்போதுதான் அவை எவ்வளவு கேவலமாக இருக்கின்றன என்று தெரிந்தது. அவளுக்குப் பச்சையம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது. யார் கேட்டார்கள் இவரை? மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் இருந்திருந்தால் பதவி வராமல் போயிருக்கும், அழுதுவிட்டு விட்டிருப்பாள். கையில் கொடுத்துவிட்ட ஒன்றைத் திருப்பிக் கொடு என்றால் எந்த மனுஷியால் முடியும்? இப்படியெல்லாம் நினைத்தாள். நினைத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. காலையிலிருந்தே கிரிவலத்துக்கு வருகிற வேனும் பஸ்ஸும் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தன. கவுண்டரில் வெளியூர் ஆட்கள் வரிசை கட்டி எண்ணெய் வாங்கினார்கள். பாக்கிங்கில் கை ஓயவில்லை. மதிவதனி மூன்று மணிக்கு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நாலு மணிக்கு மேனேஜர் அறை வாசல் வரை போய்த் திரும்பினாள். நாலரைக்குத் திருத்தப் படிவத்தை எடுத்து வைத்தாள். பச்சையம்மாள் என்று இருந்த இடத்தில் பி என்று போட்டாள். சி-யின் கட்டத்தில் மதிவதனி என்று எழுதினாள். தரம் குறைவதற்கான காரணம் என்று ஒரு வரி கேட்டிருந்தது. எத்தனையோ பேருக்கு இல்லாத காரணத்தை அழகாக எழுதியவளுக்குத் தன் பெயருக்கு நேரே ஒன்றும் ஓடவில்லை. கடைசியில், கணக்குகளை முடிப்பதில் கவனக்குறைவு என்று எழுதினாள். பதினோரு வருடத்தில் அவள் எழுதிய வடிகட்டின பொய் அதுதான்.

மேனேஜர் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்போல உடனே கையெழுத்துப் போட்டார். "உங்களுக்குப் பெரிய மனசு மேடம்" என்றார். படிவம் நாலு ஐம்பதுக்கு மின்னஞ்சலில் போனது. போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்ததும் மதிவதனி படிவத்தின் நகலைக் கோப்பில் வைத்தாள். குவார்ட்டர்ஸ் போச்சு. இனி ஜூன் மாதத்துக்குள் வீடு தேடி அலைய வேண்டும். துக்கமாக இருந்தது. ஆனாலும் நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ இறங்கிப் போனது. மறைக்காமல் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தன் பதவியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பச்சையம்மாளிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள்.

பாக்கிங் கூடத்தில் பச்சையம்மாள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

"அக்கா, உங்க பேர எடுத்தாச்சு. எம்பேர போட்டுட்டேன். சிவகங்கைக்கு நீங்க போக வேணாம்."

"அப்படியா," என்றார் பச்சையம்மாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அப்ப உனக்கு புரமோஷன் இல்லியா?"

"இல்லக்கா. பரவால்ல."

"ம்."

மதிவதனி எதிர்பார்த்தது இது இல்லை. கையைப் பிடித்துக்கொள்வார், கண் கலங்குவார் என்று நினைத்திருந்தாள். பச்சையம்மாள் சாப்பாட்டுப் பையை எடுத்து டப்பாவை உள்ளே வைத்தார்.

"இன்னாக்கா, சந்தோஷமா இல்லியா?"

"சந்தோஷந்தான். வேல போவலியே." பச்சையம்மாள் பையின் வாயை முடிந்தார். "மாடுங்கதான் போயிடுச்சு. நேத்து காலையில ரெண்டுத்தயும் ஓட்டி வுட்டுட்டேன்."

மதிவதனிக்கு முதலில் விளங்கவில்லை.

"எதுக்குக்கா? ஏன் இவ்ளோ அவசரம்? இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருந்துச்சே."

"இருந்துச்சும்மா. திங்கக்கெழம ராத்திரியே எங்க ஊட்டுக்காரரு, சம்பளம் போனா தீவனத்துக்கு எங்க போறது, மாட்ட வித்துடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். மதி இருக்குது, அது எம்பேர அப்படியே உட்டுடாது, ரெண்டு நாள் பொறுன்னேன்." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "புதங்கெழம நீ ராமதாஸாண்ட போய் கேட்ட இல்ல? மிஷின் சத்தத்துல கத்திக் கேட்ட. எனக்குக் கேட்டுது. அதுக்கப்புறந்தான் மாட்டுக்காரனுக்கு ஃபோன் போடச் சொன்னேன்."

வெளியே ரோட்டில் ஒரு பஸ் விடாமல் ஹார்ன் அடித்தது. பச்சையம்மாள் எட்டிப் பார்த்தார்.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குது. இத உட்டா ஏழு மணி ஆயிடும், அவரு பசி தாங்க மாட்டாரு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். மதிவதனி மாட்டுக்கான பணத்தைத் தான் கொடுத்துவிடுவதாகச் சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்வதற்கும் தனக்கு முகம் இல்லை என்று தெரிந்து, அங்கேயே நின்றுவிட்டாள்.